"இடைவெளிவிட்டு" என்றால் எவ்வளவு தூரம்?

கேள்வி: உடற்பயிற்சிக் கருவியின் கைப்பிடியில் இதயத்துடிப்பை அளக்கும் மின்முனைகள் "ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு" இருக்கும் என்கிறது காப்புரிமைக் கோரிக்கை (உரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம்). மில்லிமீட்டர் கணக்கு எங்கும் இல்லை. இவ்வளவு தெளிவில்லாத கோரிக்கை அமெரிக்காவில் செல்லுமா?

பதில் 1: நாட்டிலஸ்–பயோசிக் வழக்கே இதுதான். கோரிக்கையின் எல்லை, துறை தெரிந்தவருக்கு "நியாயமான உறுதியோடு" புரியவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (2014). மறுவிசாரணையில் ஃபெடரல் சர்க்யூட் (காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம்) "இடைவெளிவிட்டு" என்ற சொல்லை ஏற்றது (2015). ஒரே கை இரண்டு மின்முனைகளையும் பிடிக்கவேண்டும். ஆகவே இடைவெளி கையகலத்தைத் தாண்டக்கூடாது. ஒட்டி ஒன்றாகிவிடவும் கூடாது.

பதில் 2: மின்முனைகளின் வேலையையும் பாருங்கள். இரு கைகளின் தசை மின்குறிகளும் சமமாக வந்தால்தான் வேறுபாட்டுப் பெருக்கியில் (இரு குறிகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சுற்று) கழிந்து, இதயத்துடிப்பு மட்டும் மிஞ்சும். மின்குறிகளைத் திரையில் காட்டும் அலைகாட்டியில் சோதித்தே இடைவெளியை முடிவுசெய்யலாம்.

பதில் 3: சொல்லுக்குப் பொருள் காண முதலில் பார்க்கவேண்டியது கோரிக்கை வாசகம், விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி), பரிசீலனைக் கோப்பு (காப்புரிமை அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து). அகராதியும் நிபுணரும் அப்புறம்தான். பலர் கோப்பைப் புரட்டுவதேயில்லை, எதிர்த்தரப்பு புரட்டும்.