மெழுகுவர்த்தி பரிசோதனையில ஒரு பொண்ணு கேட்ட கேள்வி... 6-8 வகுப்புக்கு பசங்களே கைல செய்ற மாதிரி என்னென்ன பண்ணலாம்?

ஏழாம்வகுப்பு_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு நடுநிலைப்பள்ளியில 6, 7, 8 மூணுக்கும் அறிவியல் எடுக்குறேன், இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. தனியா லேப் கிடையாது. பீரோவுல நாலஞ்சு டெஸ்ட் டியூப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ரெண்டு காந்தம், அவ்ளோதான்.

போன வாரம் ஏழாவதுல மெழுகுவர்த்தி பரிசோதனை செஞ்சு காட்டினேன். தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல மெழுகுவர்த்திய கொளுத்தி மேல கண்ணாடி டம்ளர கவுத்தா அது அணைஞ்சு தண்ணி உள்ள ஏறும்ல, அதுதான். எரியும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகுது, அந்த இடத்துக்குத்தான் தண்ணி ஏறுது, காத்துல ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்குன்னு நான் ஸ்கூல்ல படிச்ச மாதிரியே சொல்லிட்டேன். அப்ப ஒரு பொண்ணு, வழக்கமா வாயே திறக்க மாட்டா, எழுந்து "டீச்சர், எரிஞ்சுட்டு இருக்கும்போது தண்ணி ஏறவே இல்லையே, அணைஞ்சதுக்கு அப்புறம்தானே மளமளன்னு ஏறுச்சு"ன்னு கேட்டா. ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா தீர்றதா இருந்தா தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறணும்? எனக்கு பதில் தெரியல, நாளைக்கு சொல்றேன்னுட்டு வந்துட்டேன். வீட்ல மூணு தடவ செஞ்சு பாத்தேன், அவ சொன்னதுதான் நடக்குது.

ரெண்டு கேள்வி. இதுக்கு சரியான விளக்கம் என்ன? அப்புறம் கிளாஸ்ல 31 பேரு, நான் செஞ்சு காட்டினா பின்னாடி இருக்குறவங்களுக்கு தெரியல, குழுவா பிரிச்சு விட்டா ஒரு பையன் எல்லாத்தையும் இழுத்து வச்சுக்குறான் மத்தவங்க வேடிக்கை பாக்குறாங்க, சத்தம் வேற, 40 நிமிஷம் போறதே தெரியல. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க? காசு அதிகம் ஆகாத செயல்பாடா சொல்லுங்க ப்ளீஸ்.

லேத்பட்டறை_வீட்டுப்பையன்:

டீச்சர் முதல்ல அந்த பொண்ணுக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் ஒரு கைதட்டு வாங்கி குடுங்க, பல வருஷமா எத்தனையோ பேர் பாத்தும் கவனிக்காதத கவனிச்சிருக்கா.

அங்க நடக்குறது பெரும்பாலும் சூடு சமாச்சாரம். டம்ளர கவுக்கும்போதே சுடர சுத்தி இருக்க காத்து சூடாகி விரிஞ்சிருக்கு, அதனால டம்ளருக்குள்ள மாட்டுறது சூடான, அளவு கம்மியான காத்து. விளிம்ப உத்துப் பாத்தா சில சமயம் குமிழி வெளிய போறதும் தெரியும். சுடர் அணைஞ்சதும் உள்ள இருக்குற காத்து குளிர்ந்து சுருங்குது, எரியும்போது உண்டான நீராவியும் தண்ணியா மாறிடுது, உள்ள அழுத்தம் குறையுது, வெளிய இருக்க காத்து தண்ணிய உள்ள தள்ளுது. அதான் அணைஞ்சப்புறம் மளமளன்னு ஏறுது. ஆக்சிஜன் கொஞ்சம் செலவாகுறது உண்மைதான், ஆனா அது முழுசா தீர்றதுக்கு முன்னாடியே சுடர் அணைஞ்சுடும், தவிர அதுக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடு உள்ள வந்துடுது. அஞ்சுல ஒரு பங்குங்கிறது காத்தப் பத்தின உண்மை, ஆனா இந்த பரிசோதனை அத காட்டாது.

இத நீங்களா சொல்லாதீங்க, அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க. ஒரே டம்ளர், முதல்ல ஒரு மெழுகுவர்த்தி, அடுத்து அதே தட்டுல மூணு. கவுக்குறதுக்கு முன்னாடி "தண்ணி இப்ப எவ்ளோ ஏறும், அதே அளவா, கூடவா, கம்மியா"ன்னு நோட்டுல எழுத சொல்லுங்க. ஆக்சிஜன்தான் காரணம்னா டம்ளர்ல இருக்க ஆக்சிஜன் அதேதானே, அதே அளவுதான் ஏறணும். ஆனா மூணு வச்சா நல்லாவே கூட ஏறும், அங்கயே விவாதம் ஆரம்பிச்சிடும்.

அந்த அஞ்சுல ஒரு பங்க நிஜமாவே காட்டணும்னா இரும்பு துருவ வச்சு காட்டலாம். லேத் பட்டறைல இரும்புத் தூள் சும்மாவே குடுப்பாங்க (எங்க அப்பா பட்டறைல கூட்டி அள்ளி கொட்றதே அவ்ளோ இருக்கும்). பித்தளை, அலுமினியம் கலந்திருக்கும், காந்தத்த வச்சு பிரிக்க சொல்லுங்க, ஆறாவது பசங்களுக்கு அதுவே ஒரு பாடம். டெஸ்ட் டியூப் உள்பக்கம் ஈரமாக்கி தூள தூவினா ஒட்டிக்கும், தண்ணி இருக்க கிண்ணத்துல கவுத்து வச்சு மட்டத்த ஸ்கெட்ச்ல கோடு போட்டு ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. துரு பிடிக்க பிடிக்க ஆக்சிஜன் போகும், தண்ணி மெதுவா ஏறி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குல நின்னுடும். இங்க சூடே கிடையாது, அதனால அந்த குழப்பமும் வராது.

ரிட்டயர்டு_வாத்தியார்:

அம்மா, வணக்கம். 29 வருஷம் நடுநிலைப்பள்ளிலதான் இருந்தேன், அதனால குழு விஷயத்த மட்டும் சொல்றேன்.

குழுவுக்கு நாலு பேருக்கு மேல வேண்டாம். மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் பக்கம் 1972ல 16 நடுநிலைப்பள்ளியில ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 30 வருஷம் நடந்துச்சு, அங்கயும் நாலு பேர் குழுதான், பசங்களே செய்யணும், பாத்தத அவங்களே எழுதணும், பரீட்சைக்கு புத்தகத்த திறந்து வச்சுக்கலாம். நாலு பேருக்கும் நாலு வேலை குடுங்க: ஒருத்தர் பொருள் வாங்கிட்டு வரணும், ஒருத்தர் செய்யணும், ஒருத்தர் எழுதணும், ஒருத்தர் மத்த குழுவுக்கு போய் அங்க என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வந்து சொல்லணும். அடுத்த தடவ வேலைய மாத்திடுங்க. இழுத்து வச்சுக்குற பையன எழுதுற வேலைல போடுங்க, அவனுக்கு அது நல்லது. சத்தம் இருக்கும்தான், அது பாடத்தோட சத்தம்னா விட்டுடலாம். பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இல்லன்னா மரத்தடிக்கு கூட்டிட்டு போங்க.

முதல் செயல்பாடா மஞ்சள எடுங்க. ஒரு குழுவுக்கு ரெண்டு ரூபா கூட ஆகாது. மஞ்சத்தூள தண்ணில குழைச்சு வெள்ள பேப்பர்ல தடவி காய வச்சா போதும், சோப்புத் தண்ணிய தொட்டு பேர் எழுதினா செவப்பா வரும். அதுமேல எலுமிச்சை பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும். "வீட்ல ஆரத்தி எடுக்குறப்போ தண்ணி எப்படிடா செவப்பாகுது?"ன்னு கேட்டுப் பாருங்க, மஞ்சளும் சுண்ணாம்பும்னு பொம்பளப் புள்ளைங்க உடனே சொல்லும். குங்குமமும் அதே ரெண்டும்தான்.

இங்க நின்னுடாதீங்க. அடுத்து வெறும் தண்ணி, எலுமிச்சை சாறு, மோர், புளித்தண்ணி, ஆப்ப சோடா கரைச்ச தண்ணி எல்லாத்தையும் மஞ்சப் பேப்பர்ல வச்சுப் பாக்க சொல்லுங்க. தண்ணிக்கும் மஞ்சள், எலுமிச்சைக்கும் மஞ்சள், அப்ப ரெண்டும் ஒண்ணான்னு அவங்களே முழிப்பாங்க. மஞ்சள் காரத்த மட்டும்தான் காட்டிக் குடுக்கும், அமிலத்த காட்டாது. அந்த இடத்துல செம்பருத்தி இதழ சுடுதண்ணில ஊற வச்ச சாற எடுத்துக் குடுங்க, அமிலத்துல நல்ல ரோஸ் செவப்பு, சோப்புத் தண்ணில பச்சை. சங்குப்பூ கெடச்சா இன்னும் அழகு, நீலம் எலுமிச்சை பட்டதும் ஊதாவாகி ரோஸாயிடும். ஒண்ணு பத்தலங்கிற இடத்துல இன்னொண்ணு தேவைப்படுது பாருங்க, அதுல பிள்ளைங்க கத்துக்குற மாதிரி பத்து பக்கம் எழுதிப் போட்டாலும் வராது. சுண்ணாம்ப மட்டும் நீங்களே கையாளுங்க, கண்ணுல பட்டா ஆபத்து.

காயில்கம்பி:

மின்சாரத்துக்கு நான் சொல்றேன், இதுல நானே ரெண்டு வருஷம் சறுக்கியிருக்கேன். எலுமிச்சை பேட்டரின்னு டார்ச் பல்ப மாட்டி எரியவே எரியாது, பசங்க முகம் தொங்கிடும். எத்தன பழத்த வரிசையா மாட்டினாலும் கரண்ட் ரொம்ப கம்மி, பல்புக்கு பத்தவே பத்தாது. சின்ன செவப்பு எல்இடி வாங்குங்க. ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அதனால மூணு நாலு பழம் வரிசையா, செம்புக் கம்பி ஒரு பக்கம், துத்தநாகம் பூசின ஆணி இன்னொரு பக்கம். சாதா இரும்பாணி அவ்ளோ நல்லா வராது. எல்இடி காலு மாறினா எரியாது, திருப்பி மாட்டிப் பாருங்க. ஜன்னல சாத்திட்டு பாக்கணும், வெளிச்சம் மங்கலாத்தான் இருக்கும். பரிசோதனை முடிஞ்ச பழத்த யாரும் சாப்பிடாம பாத்துக்கோங்க, உலோகம் கரைஞ்சிருக்கும்.

மின்காந்தத்துக்கு கம்பிய கடைல புதுசா வாங்காதீங்க, மோட்டார் ரீவைண்டிங் கடைல மிச்சம் மீதிய எடை போட்டு குடுப்பாங்க. அந்த கம்பி மேல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், ரெண்டு நுனியையும் உப்புத்தாள்ல தேய்ச்சு எடுக்கலன்னா ஒண்ணுமே நடக்காது, பாதி வகுப்புல "சார் வேலை செய்யல"ன்னு வர்றதுக்கு இதான் காரணம். ஆணில 20 சுத்து சுத்தி எத்தன குண்டூசி தூக்குது, 40 சுத்துல எத்தன, ஒரு அட்டவணை போட வைங்க. சுவத்து பிளக்க மட்டும் யாரும் தொடக்கூடாது, பேட்டரி செல்லு மட்டும்தான், அத முதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க.

இன்னும் ஐடியா வேணும்னா அர்விந்த் குப்தா குப்பையில இருந்து செய்ற அறிவியல் பொம்மைகள இணையத்துல இலவசமாவே போட்டு வச்சிருக்காரு, 2018ல பத்மஸ்ரீ வாங்கினவரு. படத்த பாத்தாலே செய்ய வந்துடும்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பத்து நாள் கழிச்சு வந்து எழுதுறேன். அடுத்த நாளே கிளாஸ்ல நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டேன், எப்படி எடுத்துக்குவாங்களோன்னு பயமா இருந்துச்சு, ஆனா ஒருத்தரும் சிரிக்கல, "அப்ப எது சரி டீச்சர்"னுதான் கேட்டாங்க. மூணு மெழுகுவர்த்தி வச்சோம். 31 பேர்ல 20 பேர் அதே அளவுதான் ஏறும்னு எழுதியிருந்தாங்க. கூட ஏறினதும் ஒரே கூச்சல். அந்த பொண்ணு எழுந்து "மூணு சுடர்னா சூடு அதிகம் டீச்சர்"னு சொல்லுச்சு, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

மஞ்சள் பேப்பரும் செஞ்சாச்சு, நாலு நாலு பேரா, கடைசி குழுல மட்டும் மூணு பேர். போய் பாத்துட்டு வந்து சொல்ற வேலைக்குத்தான் இப்ப போட்டியே.

இரும்புத் தூள் வெள்ளிக்கிழமை வச்சு திங்கக்கிழமை பாத்தோம், நாலு டியூப்ல மூணு ஏறியிருக்கு, ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது, துருவே பிடிக்கல. அது ஏன்? பசங்க என்ன விட மாட்டேங்குறாங்க.

லேத்பட்டறை_வீட்டுப்பையன்:

அந்த டியூப் தூள்ல கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும் டீச்சர், எண்ணெய் இருந்தா தண்ணியும் காத்தும் இரும்ப தொடாது. மத்த குழுக்காரங்க கழுவிட்டு போட்டாங்களான்னு விசாரிங்க. அந்த டியூப கொட்டிடாதீங்க, சோப்பு போட்டு கழுவின தூள்ல ஒண்ணு, கழுவாததுல ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் விடுங்க. என்ன ஆச்சுன்னு இங்க வந்து எழுதுங்க, அப்பாகிட்டயும் சொல்லணும்.