மகனின் தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்திற்கு எப்படித் தயாராவது?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் எட்டு வயது மகன், ஆரம்பப்பள்ளி ஒன்றின் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பில் பயில்கிறான். அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது அவனுக்கென்றே கற்றல் இலக்குகளையும் உதவிகளையும் எழுதிவைக்கும் திட்டத்தை, மறுஆய்வு செய்ய ஆசிரியர் எங்களை அடுத்த மாதம் அழைத்திருக்கிறார். 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் இடம்பெற்றுள்ள இத்திட்டம், கையொப்பத்தோடு முடிந்துவிடும் தாளாக ஆகிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

குளியல், சீருடை, பசியாறல், பள்ளி வேன் என்று வரிசையாகப் படங்கள் ஒட்டிய அட்டையை வீட்டில் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தைக் கழற்றி டப்பாவில் போடுவதால், காலைப்பொழுது அமைதியாகக் கழிகிறது. பள்ளியிலோ, ஓய்வுநேர மணி அடித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுகிறான். அது அடம் அல்ல, அந்தச் சத்தம் அவனுக்கு உண்மையிலேயே தாங்க முடியாதது என்பதை ஆசிரியரும் புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் அவர் ஒரே நேரத்தில் பல பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியவர்.

மணி அடிக்கும் முன்பே படம் காட்டி அவனைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துச் செல்வதைத் திட்டத்தில் எழுத்தாகச் சேர்க்கக் கேட்கலாமா? அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் குறிப்புகளைக் கூட்டத்திற்கு முன்பே ஆசிரியரிடம் கொடுப்பது நல்லதா? பள்ளியில் மலாயும், பாட்டியுடன் தமிழும் பேசும் பிள்ளைக்கு இரு இடங்களிலும் ஒரே படங்களைப் பயன்படுத்திய பெற்றோர் இருக்கிறீர்களா? பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் போய்வரும் குறிப்பேட்டில் எவற்றை எழுதினால் ஆசிரியருக்குச் சுமை கூடாது என்பதைச் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் யாரேனும் கூறினால் பேருதவியாக இருக்கும். பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு உங்கள் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் பகிர இயன்றால், அதையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.