இறக்கையில் ஒட்டும் நாடாவை என்னவென்று சொல்வது?

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் முதிய பயணியருக்காகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் நாங்கள் எழுதிவரும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் அமையவில்லை. விமான இறக்கையில் வெள்ளி நிறமாக ஒட்டியிருப்பதைச் சன்னலோரத்திலிருந்து படமெடுத்து, ‘டேப்பு ஒட்டிப் பறக்க விடுகிறார்கள்’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) பரப்புவதால் பலர் அஞ்சுகிறார்கள். அது பெட்டி கட்டும் நாடா அன்று. ஒருபுறம் பசை பூசிய மெல்லிய அலுமினியத் தகடு. கடுங்குளிரையும் ஈரத்தையும் தாங்கும். தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு இசையும் இடத்தில் மட்டும், முழுப் பணி நடக்கும்வரை, பதிவேட்டில் எழுதிவிட்டு ஒட்டுகிறார்கள். போயிங் 787 இறக்கைகளில் அதைப் பலமுறை காண்பதற்குக் காரணம், கரியிழைக் (கார்பன் ஃபைபர்) கலவைப் பரப்பின்மேல் உள்ள பூச்சு புறஊதாக் கதிரால் பற்று இழந்து உரிவதே. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்பீட் டேப்பு’ என்று பெயர். அதை அப்படியே ‘விரைவு நாடா’ என்றால் அவசரமாக ஒட்டியது என்று கொள்வார்கள். ஆகவே ‘தகட்டு நாடா’ என முன்மொழிகிறேன்.

*

தம்பிக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

தகடு நன்று, உருதுவழி வந்த ‘நாடா’வை ஏற்க எனக்கு மனமில்லை. நமக்கு ‘வார்’ இருக்கிறது. ‘மாசற விசித்த வார்புறு வள்பின்’ என்று முரசைப் பாடுகிறார் சங்கப் புலவர் மோசிகீரனார். வார்தல், போகல், ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல். நேராக நீண்டு கிடக்கும் பொருளுக்கு இதனினும் பொருந்திய வேர் எது? செருப்பு வாரும் இடைவாரும் இன்றும் வழங்குகின்றன. ‘தகட்டுவார்’ என்றே அச்சிடுங்கள். இரண்டு தலைமுறை கடந்தால் இயல்பாகிவிடும்.

*

ஐயா, நான் சுபாங்கில் விமானப் பழுதுபார்ப்புப் பணியில் இருக்கிறேன்.

பட்டறையில் நாங்கள் சொல்வது ‘ஸ்பீட் டேப்பு’தான். பரப்பைத் துடைத்து, காற்று கிளப்பிவிடாதபடி மூலைகளை வளைவாக நறுக்கி, குமிழ் நிற்காமல் தேய்த்து ஒட்டுவோம். வேர் பற்றி நான் வாதிடவில்லை. பொருள் பற்றியே என் கவலை. வார் இழுத்துக் கட்டுவது. இந்தத் தகடோ இறக்கையின் பளுவைத் தாங்குவதும் இல்லை, உடைந்ததைப் பிடித்து நிறுத்துவதும் இல்லை. பரப்பை மூடிக் காக்கிறது, அவ்வளவே. ‘தகட்டுவார்’ என்று படிக்கும் பாட்டி, இறக்கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றல்லவா நினைப்பார்? எந்த அச்சத்தைப் போக்க எழுதுகிறோமோ அதையே சொல் வளர்த்துவிடும்.

*

பினாங்கிலிருந்து மீண்டும் நான். கட்டுவதுதான் குறை என்றால், பாவாடை நாடா என்ன செய்கிறது? அதுவும் கட்டத்தானே பிறந்தது? ஆயினும் மூடிக் காப்பது என்னும் தங்கள் கருத்து சரியே. அப்படியானால் வாரும் வேண்டாம், நாடாவும் வேண்டாம், ‘காப்புத்தகடு’ என்க.

*

பிரிக்ஃபீல்ட்சிலிருந்து எழுதுகிறேன், ஐயா. தகடு என்று மட்டும் சொன்னால் ஆணியடித்துப் பொருத்திய பலகைபோல் தோன்றும்; ஒட்டியது என்பது மறைந்துவிடும். மறைத்தார்கள் என்ற ஐயம் இன்னும் கெடுதல். டேப்பு என்பதை நாடா என்று உடனே அறிகிற வாசகருக்கே இக்கையேடு என்பதால், எழுதியவர்களுள் பெரும்பாலோர் இசைந்தபடி ‘தகட்டு நாடா’ என்றும், முதலிடத்தில் மட்டும் அருகே ‘ஸ்பீட் டேப்பு’ என்றும் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

*

கொடுங்கள், தம்பி. என் உடன்பாடு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குமுன் ‘காப்பு’ பற்றி விரிவாக எழுதுவேன்.