புதுப்பிப்பு: சென்ட்ரலிலிருந்து கிளாம்பாக்கம், அம்மாவுடன்

மாலை ஐந்து மணிக்குச் சென்ட்ரலில் இறங்கி, இரவு ஒன்பதே கால் திருநெல்வேலி பஸ்ஸைக் கிளாம்பாக்கத்தில் பிடிக்க வேண்டும். மூட்டுவலி உள்ள அம்மா, இரண்டு பெட்டிகள், என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. போய்ச் சேர்ந்துவிட்டோம்.

டாக்ஸி யோசனையை முதலில் முயன்றேன். வாடகையைப் பார்த்ததுமே அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கைகொடுத்தது மின்சார ரயில் யோசனைதான். சென்ட்ரலுக்கு எதிரே பார்க் நிலையம். அங்கே செங்கல்பட்டு வண்டியில்தான் ஏற வேண்டும். தாம்பரத்தோடு நிற்கும் வண்டி, நாங்கள் இறங்க வேண்டிய வண்டலூர்வரை போகாது. முதலில் வந்தது தாம்பரம் வண்டி. அவசரத்தில் ஒரு பெட்டியை உள்ளே தள்ளிவிட்டேன். அம்மாதான் பலகையைப் படித்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வண்டலூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஏழேகாலுக்கெல்லாம் பஸ் நிலையத்தில் இருந்தோம்.

எதிர்பாராதது உள்ளே இருக்கும் நடைதான். வாசலிலிருந்து வெளியூர் பஸ் நிற்கும் இடம்வரை அம்மா மூன்று முறை உட்கார்ந்தார். பெரியவர்களோடு போகிறவர்கள் இதற்கென்றே அரை மணி ஒதுக்குங்கள்.

இன்னொன்று: எங்களுக்குக் கிடைத்தது மேல் படுக்கை. கீழ் இருக்கைக்காரர் ஒருவர் மாற்றிக்கொண்டதால் தப்பித்தோம். முன்பதிவின்போதே கவனித்திருக்க வேண்டும், என் தவறுதான். காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலி புதிய பஸ் நிலையம் இருக்கும் வேய்ந்தான்குளத்தில் இறங்கினோம்.