உடன் வந்தவரிடமே பேசுகிறவர்களை எப்படி எதிர்கொள்வது?

கேள்வி:
முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து ஓராண்டாகச் சக்கர நாற்காலியில்தான் வெளியே செல்கிறேன். நேற்று மருந்துக் கடையில் பணத்தை நீட்டியது நான், ஆனால் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் தலைக்கு மேலாகத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, "இவருக்கு என்ன ஆயிற்று?" என்று அவளிடமே கேட்டார். சண்டையிட மனமில்லை, பேசாமல் வரவும் மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் 1:
தங்கையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படி யாராவது கேட்கும்போது அவர் பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், கேட்டவரின் பார்வையும் பெரும்பாலும் உங்கள் பக்கம் திரும்பிவிடும். பிறகு நீங்கள் இயல்பான குரலில் பேசலாம். உடல்நிலையை அந்நியருக்கு விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

பதில் 2:
என்னை அதைவிட வருத்துவது, கேட்காமலேயே பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளுவதுதான். முன்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் சிக்கினாலும் அமர்ந்திருப்பவர் முன்னால் விழ நேரிடும். அப்போது தயங்காமல் "நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். விளக்கமும் நன்றியும் பிறகு.

பதில் 3:
எல்லோரையும் நாமே திருத்த வேண்டும் என்று சுமக்காதீர்கள். ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, இத்தகைய தப்பெண்ணங்களைக் களையும் பொறுப்பை அரசுகளிடம் ஒப்படைக்கிறது. குழந்தைகள் கேட்டால் மட்டும் நான் எப்போதும் பதில் சொல்வேன். அவர்கள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.