கலந்து வைத்த சிவப்பும் வெள்ளையும் தட்டில் பிரிந்துவிட்டன, ஏன்?

கிருஷ்ணகிரி மாணவி:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருடம் படிக்கிறேன். செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியாவின் சிவப்பு ரகத்தையும் நிறமிழந்த வெள்ளை ரகத்தையும் சரிபாதி கலந்து, அகார் தட்டின் நடுவில் ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு விழுந்த இடம் இளஞ்சிவப்பு. வெளியே வளர வளர சிவப்பு தனி, வெள்ளை தனியாக விசிறி மடிப்பு மாதிரி பிரிந்துவிட்டது. பிராத்தில் (திரவ ஊடகத்தில்) இதே கலவை கலந்தேதான் இருக்கிறது. தட்டில் வெள்ளைப் பட்டைகள்தான் அதிகம். வெள்ளைக்கு வலு அதிகம் என்று ரெக்கார்டில் எழுதலாமா?

பென்னாகரத்தான்:
எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்? 37-இல் செராஷியாவுக்குச் சிவப்பே ஏறாது. நம்ம ஊர் மே மாதத்தில் மேசை மேல் வைத்தாலும் அதே கதைதான்.

கிருஷ்ணகிரி மாணவி:
28 தான் அண்ணா. இன்குபேட்டர் ஓடுகிறது.

தர்மபுரி லேப் அக்கா:
அப்படி எழுதிடாதேம்மா. காலனியின் நடுவில் இருப்பவை கிட்டத்தட்ட நின்றுபோனவை. சாப்பாடும் இடமும் விளிம்பில்தான். கோடிக்கணக்கில் செல் இருந்தாலும் இனி வளரப்போவது விளிம்பில் நிற்கும் கொஞ்சம் செல்களின் வாரிசுகள்தான். அங்கே ஒரு துண்டில் வெள்ளை தற்செயலாகத் தீர்ந்தால், அதன் பிறகு அந்தத் துண்டு சிவப்புக்கே. பிராத்தைக் குலுக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை.

2007-இல் ஹாலட்ஷெக், நெல்சன் குழு ஒளிரும் நிறம் மட்டுமே வேறுபட்ட ஈ. கோலை பாக்டீரியா ரகங்களைக் கலந்து வளர்த்தது. வலுவில் வித்தியாசமே இல்லை, இருந்தும் உன் தட்டு மாதிரியே பிரிந்தன. ஈஸ்டிலும் செய்தார்கள். அதில் பட்டைகள் இன்னும் மெலிசு, எண்ணிக்கை அதிகம்.

பட்டைகளை எண்ணாதே, எல்லைக்கோட்டைப் பார். வேகமான ரகத்தின் பட்டை வெளியே போகப் போக விரியும், விளிம்பிலும் முன்னால் புடைக்கும். பல தட்டுகளில் இது வெள்ளைக்கே நடந்தால் எழுது. நடக்கவும் வாய்ப்புண்டு, நிறமி தயாரிக்கச் செலவு ஆகுமே.

இடம் பிடித்தவன் ஜெயிப்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி 2016-இல் கிஷோனி ஆய்வகம் காட்டிய ராட்சதத் தட்டு. 120 சென்டிமீட்டர் நீளம், நடுவை நோக்கிப் படிப்படியாக ஏறும் ஆன்டிபயாட்டிக். அதிக எதிர்ப்பாற்றல் உள்ள மாற்றுருக்கள் (மரபணு மாறிய பாக்டீரியாக்கள்) சில பின்னால் பிறந்ததால், வலு குறைந்த முன்வரிசைக்குப் பின்னேயே மாட்டிக்கொண்டன.

பென்னாகரத்தான்:
வைரஸுக்கும் இப்படித்தானா?

தர்மபுரி லேப் அக்கா:
பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி7 ஃபேஜின் பிளாக்கும் (அது செல்களை அழித்து உண்டாக்கும் தெளிந்த வட்டம்) பாக்டீரியாப் படலத்தில் வெளிநோக்கித்தான் விரிகிறது. 1993-இல் ஜான் யின், டி7-க்கு அவசியமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைத் தானே தயாரிக்கும் ஈ. கோலை மேல் அதை வளர்த்தார். அந்த ஓசி நொதியை நம்பிப் பிழைக்கும் மாற்றுருக்கள் அதே பிளாக்கில் தோன்றி, பழைய ஃபேஜை மிஞ்சிவிட்டன. இங்கே ஜெயித்தது தற்செயல் இல்லை, வேகம்.

கிருஷ்ணகிரி மாணவி:
சரிக்கா, ரெக்கார்டில் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பத்துத் தட்டாவது ஊற்ற அகார் கேட்டுப் பார்க்கிறேன்.