அம்மாவின் படபடப்புக்கு அப்லேஷன் செய்யலாமா?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 54. திடீரெனப் படபடப்பு தொடங்கி, நாடித்துடிப்பு 180-ஐத் தாண்டிவிடுகிறது. மூச்சை அடக்கி முக்கினால் சில வேளை நின்றுவிடும். நிற்காதபோது அவசரப் பிரிவில் அடினோசின் ஊசி போட வேண்டியிருக்கிறது. இ.சி.ஜி.யைப் பார்த்த மருத்துவர் ஏ.வி.என்.ஆர்.டி. (ஒரு வகை இதயத் துடிப்புக் கோளாறு) என்று கூறி, அப்லேஷன் (இதயத்தில் கோளாறு தரும் சிறு இடத்தைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொள்ளப் பரிந்துரைத்தார். ஆனால் இதே சிகிச்சை பெற்ற பெரியப்பாவுக்கு ஓராண்டுக்குள் தொல்லை திரும்பிவிட்டதால், அம்மா தயங்குகிறார். மாத்திரையிலேயே காலந்தள்ளலாமா?

பதில் 1:
பெரியப்பாவுக்கு இருந்தது எந்த வகைத் துடிப்புக் கோளாறு என்று முதலில் விசாரியுங்கள். ஏ.வி.என்.ஆர்.டி.யில், இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவை ஒட்டியுள்ள வேகப் பாதை, மெதுப் பாதை ஆகிய இரண்டின் வழியாக மின்துடிப்பு வட்டமடிக்கிறது; மெதுப் பாதையில் சில மில்லிமீட்டர் இடத்தைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்தால் வட்டம் அறுந்துவிடும் என்பதால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் கதை வேறு. அதைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புவதை 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவக் குழுவினர் காட்டிய பிறகு, அச்சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் இடுவது வழக்கமாயிற்று. வளையத்தில் எங்கேனும் இடைவெளி விழுந்தால் கோளாறு திரும்பும். இரண்டாம் முறை செய்ய நேர்வது அபூர்வமன்று.

பதில் 2:
நான் ஏ.வி.என்.ஆர்.டி.க்குச் செய்துகொண்டவன். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரை வழியாகக் கம்பி போன்ற கதீட்டர்களைச் செலுத்தினார்கள். வலியைவிட, கோளாற்றைக் கண்டறிவதற்காக வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்ததுதான் எனக்கு அச்சமூட்டியது. அதன்பின் காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கு அதுவே பெரும்பாடு.

பதில் 3:
ஒன்றை மறைக்கக் கூடாது. சூடுபடும் இடம் ஏ.வி. கணுவுக்கு மிக அருகில் இருப்பதால், அக்கணு பழுதாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ உண்டு. உறையவைக்கும் கிரையோ முறையில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் கோளாறு திரும்பும் வாய்ப்பு சற்று அதிகம். படபடப்பு எப்போதாவது மட்டும் வந்தால் மாத்திரையோடு இருப்பதும் தவறில்லை. அடிக்கடி ஊசிக்கு ஓட வேண்டியிருந்தால் அப்லேஷனே மேல் என்பது என் கருத்து. சிகிச்சைக்கு முன் எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன்; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றுதான் இருக்கிறது. அம்மாவிடம் விளக்கினேன், அந்த மருத்துவமனையில் கிரையோ வசதி உண்டா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்.